கூல்டிரிங்ஸ் ஆலையின் விற்பனைக் கணிப்புக்கு எந்த டிஸ்க்? ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, என்விஎம்இ, ஃபிளாஷ் அரே, கிளவுட்: ஓர் ஒப்பீடு

சித்திரை வெயில் ஏற ஏற ஏஜென்ட்டுகளிடமிருந்து போன் மேல் போன் வரும். "ஆரஞ்சு வேண்டாம் சார், பன்னீர் சோடா இருந்தா இருநூறு கிரேட் ஏத்துங்க" என்பார்கள். குடோனைத் திறந்தால் ஆரஞ்சுதான் கூரை வரை அடுக்கி நிற்கும். தென் மாவட்டத்தில் ஒரு பாட்டிலிங் ஆலையின் திட்டமிடல் பிரிவில் இதை நான் பல கோடைகளில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் அங்கே ஒரு கேள்வி வரும்: கணிப்பு ஓட இவ்வளவு நேரம் எடுக்கிறதே, டிஸ்க்கை மாற்றினால் சரியாகுமா, மாற்றுவதென்றால் எதை வாங்குவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஆலை, சில நூறு ஏஜென்ட்டுகள் என்ற அளவில் இருப்பவர்களுக்கு ஒரே சர்வரில் இரண்டு என்விஎம்இ (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வேகமான டிஸ்க்), தாராளமாக ரேம், தரவை வரிவரியாக இல்லாமல் நெடுவரிசை வாரியாகச் சேமிப்பது, இது போதும். மற்ற வழிகளை ஏன் தள்ளுகிறேன், எந்த இடத்தில் அவை இதைவிட நல்லவை என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வேகமான டிஸ்க் எந்தக் கணிப்பையும் தானாகத் துல்லியமாக்காது. சர்க்கரை, ப்ரீஃபார்ம் (ஊதிப் பாட்டிலாக்கும் பிளாஸ்டிக் குழாய்), லேபிள் இவையெல்லாம் வாரக்கணக்கில் முன்கூட்டியே ஆர்டர் போடுகிற சரக்குகள். அந்தக் கணிப்பு ராத்திரி பத்து மணிக்கு முடிந்தாலும் சரி, மறுநாள் மதியம் முடிந்தாலும் சரி, பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வருவது நாளைக்கான கணிப்பில். எந்த லாரியில் எதை ஏற்றுவது, சிரப் ரூமில் எந்த பேட்ச்சைக் கலக்குவது, லைனில் எந்த பிளேவரை எந்த வரிசையில் ஓட்டுவது என்பதெல்லாம் அதை நம்பித்தான் இருக்கிறது. பிளேவர் மாற்றும்போதெல்லாம் டேங்க்கையும் குழாய்களையும் கழுவியாக வேண்டும், அந்த நேரம் முழுக்க லைன் நிற்கும், அதனால் தவறான வரிசையில் ஓட்டினால் உச்ச சீசனில் போன மணிநேரம் திரும்பி வராது. சரி, கூடுதலாகத் தயாரித்து வைத்துக்கொள்ளலாமே என்றால் அதற்கும் எல்லை உண்டு. பெட் பாட்டிலின் சுவர் வழியாக கேஸ் மெதுவாகக் கசியும், சிறிய பாட்டிலில் இன்னும் சீக்கிரம்.

ஏஜென்ட்டுகளின் இன்டென்ட், அதாவது மறுநாளுக்கான ஆர்டர், ராத்திரி எட்டு ஒன்பது மணி வரை வந்துகொண்டே இருக்கும், லோடிங் விடியற்காலையில். நடுவில் கிடைக்கும் ஏழெட்டு மணி நேரத்துக்குள் கணக்கு முடியவில்லை என்றால் முந்தாநாள் தரவை வைத்துத்தான் லாரி கிளம்பும். கோடை மழை ஒரு சாயங்காலம் கொட்டிவிட்டால் அந்த ஒரு நாள் பின்னடைவே போதும், பாதி லோடு ஏஜென்ட் வாசலில் அப்படியே நிற்கும்.

எவ்வளவு தரவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதற்கு ஒரு கணக்கு போடலாம். 40 சரக்கு வகை, 400 ஏஜென்ட், 5 வருடம், தினசரி என்றால் 2.92 கோடி வரிகள். கடை வாரியாக வேண்டுமா? 30,000 கடை, வாரத்துக்கு ஒரு பில், பில்லுக்கு ஐந்து வகை என்று வைத்தால் ஐந்து வருடத்துக்கு 3.9 கோடி வரிகள். வரிக்கு 200 பைட் போட்டால் எல்லாம் சேர்த்து 14 ஜிபிக்குள் அடங்கிவிடும். இன்றைக்குப் பாக்கெட்டில் இருக்கும் போனிலேயே இதைவிட அதிக இடம் இருக்கிறது. ஆகவே பிரச்சினை கொள்ளளவு இல்லை, அதை எப்படி வாசிக்கிறோம் என்பதுதான்.

இருக்கிற ஹார்ட் டிஸ்க்

நிமிடத்துக்கு 7,200 சுற்று ஓடும் டிஸ்க் தொடர்ச்சியாக வாசித்தால் நொடிக்கு 200 எம்பி தாராளமாகத் தரும். அந்த 14 ஜிபியை ஒரே மூச்சில் வாசிக்க 70 நொடிதான். அப்புறம் ஏன் ராத்திரி முழுக்க ஓடுகிறது? அங்கும் இங்கும் தாவித் தாவி வாசிப்பதால். தட்டு பாதிச் சுற்று சுற்றவே சராசரி 4.17 மில்லிநொடி, அதோடு முள் நகரும் நேரமும் சேரும், ஆக நொடிக்கு ஏறத்தாழ நூறு தாவல்தான் முடியும். ஈஆர்பி (பில், ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் பார்க்கும் மென்பொருள்) தரவுத்தளத்தில் ஏஜென்ட் வாரியாக, சரக்கு வாரியாக இன்டெக்ஸ் வழியே 10 லட்சம் இடத்துக்குத் தாவினால் 10,000 நொடி, அதாவது இரண்டே முக்கால் மணி நேரம். அதே நேரத்தில் பில்லிங்கும் அதே டிஸ்க்கில் நடந்தால் இரண்டும் திணறும்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது இன்னொன்று. டிஸ்க் மெதுவாக இருக்கிறதே என்று பழைய தரவை மாத மொத்தமாகச் சுருக்கி, விவரத்தை அழித்துவிடுகிறார்கள். 2017 மார்ச் 1 முதல் தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் கோக், பெப்சியைப் புறக்கணிக்கச் சொன்னபோது உள்ளூர் பானங்களுக்குத் திடீரென்று கிராக்கி வந்தது. 2020-இல் மார்ச் 25 முதல் ஊரடங்கு, சீசனின் தொடக்கத்திலேயே எல்லாம் நின்றது. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி மாறியபோது கேஸ் இல்லாத பழச்சாறு பானங்களுக்கு 12 சதவீதம் 5 ஆனது, கேஸ் பானங்களுக்கோ வரிச்சுமை 40 சதவீதத்திலேயே நின்றது. எந்த நாளில், எந்த ஏஜென்ட்டிடம், எது ஏறியது எது இறங்கியது என்று நாள்வாரித் தரவு இருந்தால்தான் கணிப்பைப் போடும் மாடலுக்கு இதையெல்லாம் "இது வழக்கமான கோடை இல்லை" என்று அடையாளம் காட்ட முடியும். மாத மொத்தத்தில் அது வெறும் மேடு பள்ளம்.

ஸ்டாக் இல்லாத நாட்களும் அப்படித்தான். பன்னீர் தீர்ந்துபோன நாளில் விற்பனை பூஜ்யம், ஆனால் தேவை பூஜ்யம் இல்லை. அன்றன்றைய கையிருப்பைச் சேமித்து வைத்திருந்தால்தான் அதைத் திருத்த முடியும். மெதுவான டிஸ்க்கைக் காப்பாற்றுவதற்காக முதலில் தூக்கி எறியப்படுவதும் அந்தக் கையிருப்புத் தரவுதான்.

ஹார்ட் டிஸ்க்குக்கு இனி வேலையே இல்லை என்று சொல்லவில்லை. பேக்கப்புக்கும் பழைய பில்களுக்கும் அதுதான் மலிவு.

சாட்டா எஸ்எஸ்டி

எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு இல்லை, சிப்பில்தான் சேமிப்பு; சாட்டா என்பது ஹார்ட் டிஸ்க்கையும் இணைக்கும் பழைய இணைப்பு. குறைந்த செலவில் அதிக நிம்மதி தருவது இதுதான். பழைய சர்வரிலேயே பொருந்தும். சாட்டா இணைப்பின் வரம்பால் நொடிக்கு 550 எம்பியைத் தாண்டாது, ஆனால் தாவி வாசிப்பதில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாலே நொடிக்கு 8,000-10,000 வரை தரும். மேலே சொன்ன இரண்டே முக்கால் மணி நேரம் இரண்டு நிமிடமாகும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து இதற்கு வருவதுதான் மிகப் பெரிய தாவல். இதிலிருந்து என்விஎம்இக்குப் போகும்போது அத்தனை பெரிய வித்தியாசம் எல்லா வேலையிலும் தெரியாது.

என்விஎம்இ

சாட்டாவுக்குப் பதில் பிசிஐஇ என்ற வேகமான இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி இது. நான்காம் தலைமுறை பிசிஐஇ என்றால் நொடிக்கு 7 ஜிபி வரை வாசிக்கும். விளம்பரத்தில் இந்த எண்தான் பெரிதாக இருக்கும், கணிப்பு வேலைக்கு முக்கியமானது வேறு. சாட்டாவின் பழைய முறையில் கட்டளைகள் காத்திருக்க ஒரே க்யூ, அதில் 32 கட்டளை மட்டும். என்விஎம்இயில் 64,000-க்கும் மேல் க்யூ வைக்க முடியும், ஒவ்வொன்றிலும் அதே அளவு கட்டளைகள். ஒரே ஒரு புரோகிராம் ஒவ்வொன்றாகக் கேட்டால் இதனால் பெரிய லாபம் இல்லை. 16 கோர்களில் 16 மாவட்டத்தின் தரவை ஒரே நேரத்தில் தயார் செய்தால் அப்போதுதான் வித்தியாசம் தெரியும்.

இது எங்கே நேரடியாகத் துல்லியத்துக்கு உதவுகிறது என்றால் ஒத்திகையில். போன கோடையின் 17 வாரத்தையும் வாரம் வாரமாக நகர்த்தி, அந்தந்த வாரத்தில் கையில் இருந்திருக்கும் தரவை மட்டும் கொடுத்து, ஆறு விதமான அமைப்பில் மாடலை ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் 102 ஓட்டம். ஒவ்வொன்றுக்கும் தரவு தயாரிக்கவே பத்து நிமிடம் என்றால் 17 மணி நேரம். யாரும் செய்ய மாட்டார்கள், ஒரே ஒரு அமைப்பை ஓட்டிவிட்டு "போதும்" என்பார்கள். ஒரு நிமிடமாகக் குறைந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும், அப்போது மழையைச் சேர்த்தால் பிழை குறைகிறதா, பள்ளி விடுமுறையைச் சேர்த்தால் குறைகிறதா, பங்குனி உத்திரத்தையும் சித்திரைத் திருவிழாவையும் ஊர் வாரியாகக் கொடுத்தால் என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க மனம் வரும். வேகம் துல்லியமாக மாறுவது இந்த வழியில்தான்.

வாங்கும்போது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கேமிங் கம்ப்யூட்டருக்கு விற்கிற மலிவு ரகத்தைச் சர்வரில் போடாதீர்கள். அதில் பெரிய அளவில் எழுத ஆரம்பித்ததும் உள்ளேயிருக்கும் வேக கேச் நிறைந்து எழுதும் வேகம் சட்டென்று விழும். கரண்ட் போனால் எழுதிக்கொண்டிருந்த தரவைக் காப்பாற்றுகிற கெப்பாசிட்டர் பெரும்பாலும் இருக்காது. சர்வர் ரகத்தில் அது உண்டு. ஆலையில் கம்ப்ரசர் ஏறி இறங்கும்போது கரண்ட் என்ன ஆட்டம் ஆடும் என்று அங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரியும். இரண்டு டிஸ்க்கை மிரர் போட்டு, ஒரே தரவு இரண்டிலும் இருக்கும்படி வையுங்கள், பேக்கப் தனியாக இருக்கட்டும். மிரர் இருக்கிறதே என்று பேக்கப்பை விடுவது தப்பு.

டிஸ்க்கோடு போட்டி போடும் இரண்டு விஷயங்கள்

டிஸ்க் விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். முதலாவது ரேம். 64 ஜிபி ரேம் இருக்கிற சர்வரில் 14 ஜிபியை ஒருமுறை வாசித்துவிட்டால் அடுத்த 101 ஓட்டமும் கேச்சிலிருந்தே வரும், டிஸ்க் சும்மா இருக்கும். 2020-இல் வால்மார்ட் தரவை வைத்து நடந்த எம்5 கணிப்புப் போட்டியில் 42,840 விற்பனைத் தொடர்களைக் கணித்தார்கள், முன்னணியில் வந்தவர்களிடம் லைட்ஜிபிஎம் என்ற மாடல் மென்பொருள்தான் அதிகம் இருந்தது. அந்த மாதிரி மாடல் பயிற்சி தொடங்கியதும் தரவை நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும், பிறகு உழைப்பதெல்லாம் பிராசசர். டிஸ்க்கின் பங்கு அதற்கு முந்தைய தயாரிப்பு வேலையில்.

இரண்டாவது, சேமிக்கும் வடிவம். நிறைய இடத்தில் ஈஆர்பியிலிருந்து சிஎஸ்வி (வெறும் எழுத்துக் கோப்பு) எடுத்து அதையே தினமும் முழுதாக வாசிக்கிறார்கள். எழுத்தை எண்ணாக மாற்றுவது பிராசசர் வேலை, அது டிஸ்க்கைவிட மெதுவாகத்தான் நடக்கும், அதனால் அங்கே சாட்டாவுக்குப் பதில் என்விஎம்இ போட்டாலும் கடிகாரம் அசையாது. பார்க்கே போன்ற நெடுவரிசை வடிவத்தில் மாற்றி வைத்தால், 24 நெடுவரிசையில் தேவையான நான்கை மட்டும் வாசிக்கலாம், அளவும் பல மடங்கு சுருங்கும், மாதவாரியாகப் பிரித்திருந்தால் வேண்டாத மாதங்களைத் தொடவே வேண்டாம். டக்டிபி மாதிரி இலவச மென்பொருள் இதை நேரடியாக வாசிக்கும். செலவு ஒரு ஆளின் சில நாள் உழைப்பு. அதனால் எதையும் வாங்கும் முன் இதைச் செய்யச் சொல்வேன்.

டிஸ்க்தான் தடையா என்று தெரிந்துகொள்வதும் சுலபம். கணிப்பு ஓடும்போது விண்டோஸ் என்றால் டாஸ்க் மேனேஜர், லினக்ஸ் என்றால் ஐஓஸ்டாட் கட்டளையைப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, பிராசசர் ஓய்வாக இருக்கிறது என்றால் டிஸ்க்கை மாற்றுங்கள். நேர்மாறாக இருந்தால் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.

ஃபிளாஷ் அரே

பல எஸ்எஸ்டிகளை ஒரே பெட்டியில் வைத்து எல்லா சர்வருக்கும் பகிரும் சேமிப்புக் கருவி இது. மூன்று நான்கு ஆலை, எல்லாவற்றுக்கும் ஒரே ஈஆர்பி, கூடவே பல விர்ச்சுவல் சர்வர் என்று வளர்ந்துவிட்டவர்களுக்கு இது பொருந்தும். இதில் எனக்குப் பிடித்தது வேகத்தைவிட ஸ்னாப்ஷாட்: ராத்திரி ஒன்பது மணி நிலையை நொடியில் நகல் எடுத்து, கணிப்பை அந்த நகலில் ஓட்டலாம், பில்லிங்குக்குத் துளி இடைஞ்சல் இருக்காது. ஒரு கன்ட்ரோலர் போனாலும் இன்னொன்று பார்த்துக்கொள்ளும். ஆனால் விலை லட்சங்களில், அதற்கு மேல் பராமரிப்பு ஒப்பந்தம். கணிப்புக்காக மட்டும் இதை வாங்குவது வீண்.

கிளவுட்

பான வியாபாரத்துக்கும் கிளவுடுக்கும் ஒரு நல்ல பொருத்தம் உண்டு. மார்ச் முதல் ஜூன் வரைதான் உயிர் போகிற வேலை, அந்த நான்கு மாதம் பெரிய மெஷினை எடுத்து ஓட்டிவிட்டு மழைக்காலத்தில் நிறுத்திவிடலாம். தரவை அனுப்புவதும் பெரிய பாரமில்லை; நம் கணக்குப்படி ஒரு நாளின் புது வரிகள் 8 எம்பி சுமார், பழையது மொத்தமும் 100 எம்பிபிஎஸ் லைனில் இருபது நிமிடம்.

பலர் ஏமாறுவது இங்கே: கிளவுட் என்றாலே வேகம் என்று நினைத்து, இயல்பாக வரும் டிஸ்க்கை அப்படியே எடுத்துவிடுகிறார்கள். அமேசானின் ஜிபி3 டிஸ்க் அடிப்படை விலைக்குத் தருவது நொடிக்கு 125 எம்பி, 3,000 தாவல். தொடர் வாசிப்பில் அது உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கைவிடக் குறைவு. வேண்டிய அளவு ஏற்றிக்கொள்ளலாம், ஏற்றியதற்குத் தனிக் கட்டணம். மெஷினை நிறுத்தினாலும் டிஸ்க்குக்கு வாடகை ஓடிக்கொண்டேதான் இருக்கும். இன்டர்நெட் போய்விட்டால் விடியற்காலை லோடிங் ஷீட் எங்கிருந்து வரும் என்பதையும் யோசிக்க வேண்டும், கடைசியாக வந்த கணிப்பின் நகலாவது ஆலையில் இருக்க வேண்டும்.

சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆளே இல்லாத சிறிய ஆலை என்றால் நானே கிளவுடைத்தான் சொல்வேன். ஒரு ஐடி ஆள் இருக்கிற இடத்தில் உள்ளூர் என்விஎம்இதான்.

நாள் குறித்துச் செய்வதென்றால் டிசம்பரில் தரவை பார்க்கேயாக மாற்றுங்கள், முடிந்தவரை பழைய நாள்வாரி பில்களையும் கையிருப்பையும் பேக்கப்பிலிருந்து மீட்டுச் சேருங்கள். ஜனவரியில் அளந்து பார்த்து ரேம், டிஸ்க் வாங்குங்கள். பிப்ரவரி முழுக்க போன கோடையை வைத்து ஒத்திகை. அந்த ஒத்திகையில் ஏஜென்ட்டுகளையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். எந்த வாரம் மாடல் ஏன் தவறியது என்று அவர்களுக்குத்தான் தெரியும், "அன்னைக்கு எங்க ஊர்ல கோயில் கொடை சார்" என்று ஒருவர் சொல்வது அடுத்த ஓட்டத்தில் சேர்க்க வேண்டிய நெடுவரிசை.