வேர்ட்பிரஸில் பக்கமுறிவுப் பொத்தான்: மூன்று வழிகள்

நீண்ட கட்டுரையைப் பல பக்கங்களாகப் பிரிக்கும் வசதி, வலைத்தளங்களை உருவாக்கி நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸின் உள்ளேயே இருக்கிறது. கட்டுரையின் நடுவில் 'நெக்ஸ்ட்பேஜ்' என்ற குறியை இட்டால் போதும். அங்கிருந்து இரண்டாம் பக்கம் தொடங்கிவிடும். ஆனால் வேர்ட்பிரஸின் பழைய எழுத்தியான கிளாசிக் எடிட்டரில் தொடர்ந்து எழுதுபவர்களின் கருவிப்பட்டையில் 'மேலும் படிக்க' குறிக்கான பொத்தான் இருக்கிறதே தவிர, பக்கமுறிவுக்கான பொத்தான் தென்படுவதில்லை. அது இல்லாமல் இல்லை, மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதை வெளியே கொண்டுவருவதற்கான வழிகளைத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

எதையும் நிறுவ விரும்பாதவர்கள், விண்டோஸில் ஆல்ட், ஷிஃப்ட், பி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தலாம். தனியாக எழுதுபவருக்கு இது போதும். பலர் எழுதும் தளத்தில் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அவர்கள் குறியைக் கையால் தட்டச்சு செய்யத் தொடங்கும்போது, இடையில் ஓர் இடைவெளி விழுந்தாலும் வேர்ட்பிரஸ் அதைச் சாதாரணக் குறிப்பாகவே கருதிக் கடந்துவிடும். பக்கம் பிரியாது, பிழைச் செய்தியும் வராது என்பதால் தவறு எங்கே என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

அடுத்தது, முன்பு டைனிஎம்சிஇ அட்வான்ஸ்டு என்று அழைக்கப்பட்ட அட்வான்ஸ்டு எடிட்டர் டூல்ஸ் என்ற செருகுநிரல், அதாவது வேர்ட்பிரஸில் கூடுதல் வசதி சேர்க்கும் துணை மென்பொருள். இதன் அமைப்புப் பக்கத்தில் பக்கமுறிவுப் பொத்தானை இழுத்துக் கருவிப்பட்டையில் விட்டால் வேலை முடிந்தது. ஒரு வரி நிரல்கூடத் தேவையில்லை. அட்டவணை, எழுத்தளவு முதலிய பொத்தான்களும் வேண்டும் என்பவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒரே ஒரு பொத்தானுக்காக இத்தனை பெரிய செருகுநிரலை நிறுவி, அதன் புதுப்பிப்புகளையும் தொடர்ந்து கவனித்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு உவப்பாக இல்லை.

ஆகவே மூன்றாவது வழியான, நாமே எழுதும் சிறு செருகுநிரலையே நான் விரும்புகிறேன். கருவிப்பட்டையின் பொத்தான் பட்டியலை மாற்ற உதவும் 'எம்சிஇ பட்டன்ஸ்' என்ற வடிகட்டியில் 'டபிள்யூபி பேஜ்' என்ற பெயரைச் சேர்த்தால் மறைந்திருந்த பொத்தான் காட்சி எழுத்தியில் தோன்றிவிடும். குறிகளை அப்படியே காட்டும் உரைத் தாவலுக்கு இது செல்லாது, அங்கே வேர்ட்பிரஸ் 3.3 பதிப்பிலிருந்து கிடைக்கும் குவிக்டேக்ஸ் வசதியின் வழியாகத் தனிப் பொத்தான் சேர்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்தாலும் இருபது வரிகளுக்குள் அடங்கும். இந்த நிரலை, தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் ஒட்டிவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. வேறு தீமுக்கு மாறும் நாளில் பொத்தானும் போய்விடும் என்பதால், தனிச் செருகுநிரலாக வைப்பதே முறை.

எந்த வழியானாலும், பொத்தானை அழுத்தியபின் கட்டுரைக்குள் என்ன எழுதப்படுகிறது என்பதை உரைத் தாவலில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மேலே சொன்ன எல்லா வழிகளும் வேர்ட்பிரஸின் சொந்தக் குறியையே எழுதுகின்றன. எனவே நாளை செருகுநிரலை நீக்கினாலும் பழைய கட்டுரைகள் பிரிந்தபடியே இருக்கும். கிளாசிக் எடிட்டருக்கு அடிப்படையான டைனிஎம்சிஇ எழுத்திக்கென்றே உள்ள 'பேஜ்பிரேக்' நீட்சி அப்படியல்ல. அது இயல்பாக எழுதும் குறி வேறு. அமைப்பில் அதை மாற்றாவிட்டால் வேர்ட்பிரஸுக்கு அது புரியாது. தமக்கென ஒரு சுருக்குக்குறியை (ஷார்ட்கோடு) எழுதும் செருகுநிரல்களை நீக்கினால், அந்தக் குறிகள் அப்படியே வாசகர் கண்ணில் படும்.

2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து இயல்பாக உள்ள, கட்டுரையைப் பத்தி, படம் எனத் தனித்தனித் துண்டுகளாக (பிளாக்) அமைக்கும் பிளாக் எடிட்டரில் எழுதுபவர்களுக்கு இந்தத் தேடலே வேண்டாம். பக்கமுறிவு அங்கே தனி பிளாக்காகவே கிடைக்கிறது. பத்திகளுக்கு இணையாக மேல்நிலையில் மட்டுமே அதை இட முடியும். நெடுவரிசைகளுக்குள்ளோ குழுவுக்குள்ளோ இட முடியாது.

பொத்தான் சரியாக இருந்தும் பக்க எண்கள் தெரியவில்லை என்றால், செருகுநிரலைக் குறை சொல்வதற்கு முன் தீம் கோப்புகளைப் பாருங்கள். பழைய வகைத் தீம்களில் 'டபிள்யூபி லிங்க் பேஜஸ்' என்ற செயற்கூறு கட்டுரை வார்ப்புருவில் இருந்தால்தான் அடுத்த பக்கத்துக்கான இணைப்பு வரும்; அது விடுபட்ட தீமில் வாசகர் முதல் பக்கத்தோடு கட்டுரை முடிந்துவிட்டது என்றே எண்ணிப் போய்விடுவார்.