கிக்குயூவா, எல்.எம். புல்லா? டர்பன் கோடைக்கு எது தாங்கும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகளில் கிக்குயூ புல்தான். எங்கள் வீட்டிலும் முன்னும் பின்னும் அதுவே இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் பின்முற்றத்தில் மட்டும் அதைப் பெயர்த்துவிட்டு எல்.எம். புல் நட்டேன். முன்பக்கத்தில் கை வைக்கவில்லை. அதனால் ஒரே மழை, ஒரே மண்ணில் இரண்டும் கோடையை எப்படித் தாண்டுகின்றன என்று அருகருகே பார்க்க முடிகிறது. என் மனம் எல்.எம். பக்கம் சாய்ந்திருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிக்குயூ கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலப் புல். கென்யாவின் கிக்குயூ மக்களின் பெயர்தான் அதற்கு. எல்.எம். நம் கடற்கரைக்கே சொந்தமானது. மொசாம்பிக்கின் மபுட்டோ நகரத்துக்கு முன்பு லோரென்சோ மார்க்கெஸ் என்று பெயர், அதன் சுருக்கமே எல்.எம். டர்பன் புல் என்றும் பெரீயா புல் என்றும் சொல்வார்கள்.

எல்லாருக்கும் தெரிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிக்குயூவுக்கு முழு வெயில் வேண்டும். எல்.எம். மரநிழலிலும் பச்சையாக இருக்கும். கிக்குயூவை விதையாகவும் வாங்கலாம், பாய் மாதிரி சுருட்டிய புல்லாகக் கொண்டுவந்து ஒரே நாளில் விரித்தும் விடலாம். எல்.எம். சிறு நாற்றுகளாகத் தட்டில் வரும், தரை மூட ஒரு பருவம் ஆகும்.

எங்கள் பின்முற்றத்தில் ஒரு பெரிய மாமரம் நிற்கிறது. அதன் கீழே கிக்குயூ ஒவ்வொரு கோடையும் மெலிந்து, ஜனவரியில் வெறும் செம்மண் தெரியும். நான் மாற்ற நினைத்ததற்கு அதுதான் காரணம். ஆனால் மாற்றியது சரி என்று என்னை நினைக்க வைத்தது நிழல் அல்ல, பராமரிப்பு.

கிக்குயூ மண்ணுக்கு மேலேயும் ஓடும், கீழேயும் ஓடும். மேலே வரும் கொடியை வெட்டிவிடலாம். மண்ணுக்குள் போகும் தண்டு செங்கல் வரம்புக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் தலை தூக்கும். என் கொத்தமல்லிப் பாத்தியையும் கறிவேப்பிலைச் செடியின் அடியையும் அதனிடமிருந்து காப்பாற்றவே டிசம்பர், ஜனவரி ஞாயிறுகள் போய்விடும். இழுத்தால் பாதி அறுந்து உள்ளேயே தங்கும், தங்கிய துண்டு திரும்பத் துளிர்க்கும். பெயர்த்து மூன்று வருடம் ஆன பிறகும் பின்முற்றத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிக்குயூ முளைக்கிறது. இந்த நாட்டில் ஈரநிலங்களிலும் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளிலும் அதை ஆக்கிரமிப்புத் தாவரமாகப் பட்டியலிட்டிருப்பது எனக்கு வியப்பாக இல்லை.

எல்.எம். தரைமேல் மட்டும்தான் ஓடும். பாத்திக்குள் வந்தால் கொடியைக் கையால் தூக்கினாலே வந்துவிடும். மாதம் ஒரு தடவை, அரை மணி நேரம். அவ்வளவுதான் ஓர வேலை.

வெட்டுவதிலும் அதே கதை. மழையும் சூடும் சேரும் மாதங்களில் முன்பக்கத்தை வாரா வாரம் வெட்டியாக வேண்டும். ஒரு வாரம் தவறினால் மேலே பச்சை, உள்ளே மஞ்சள் தண்டு. அடுத்து வெட்டும்போது அந்த மஞ்சள்தான் வெளியே தெரியும். பின்பக்கம் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போதும். ஆனால் எல்.எம்-ஐ ஒட்ட வெட்டக் கூடாது. ஐந்து, ஆறு சென்டிமீட்டர் உயரம் விட்டால் அது தன் வேருக்குத் தானே நிழல் தரும், மண்ணும் சீக்கிரம் காயாது. இங்கே குளிர்காலம் முடியும் ஆகஸ்டில் கிக்குயூவைத் தரையோடு மழித்து மேல்மண் போடும் வழக்கத்தை எல்.எம்-இடம் காட்டவே வேண்டாம்.

தண்ணீர் விஷயமும் இருக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் டர்பனுக்கு வடக்கே டோங்காட் பக்கம் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராமல் இருந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு புல்லுக்குத் தண்ணீர் விடவே எனக்கு மனம் கூசுகிறது. மழை வராத வாரத்தில் மட்டும் விடியற்காலையில் ஒரே ஒரு தடவை, மண் ஆழமாக நனையும்படி விடுகிறேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். இந்த முறையில் எல்.எம். நிறம் மாறாமல் இருக்கிறது, கிக்குயூ முனை வாடுகிறது. உரமும் கிக்குயூதான் அதிகம் கேட்கும். 28 சதவீத நைட்ரஜன் உள்ள எல்.ஏ.என். (சுண்ணாம்பு கலந்த அம்மோனியம் நைட்ரேட் உரம்) தூவினால் உடனே தண்ணீர் விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகிவிடும்.

சரி, எல்.எம். தோற்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். போன தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க உறவினர்கள் வந்திருந்தார்கள். பின்முற்றத்தில் மூன்று நாள் பந்தல், பெரிய அண்டாக்கள், நூறு பேர் நடமாட்டம். எல்.எம். நசுங்கிப்போனது, மீள ஏப்ரல் ஆகிவிட்டது. முன்பக்கக் கிக்குயூவில் பிள்ளைகள் மூன்று நாளும் கிரிக்கெட் ஆடினார்கள். இரண்டே வாரத்தில் அடையாளம் இல்லை. ஓடியாடும் பிள்ளைகள் உள்ள, மரமே இல்லாத முற்றத்துக்குக் கிக்குயூவை விட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. முன்பக்கத்தை நான் மாற்றாததும் அதனால்தான்.

ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் அக்கா எல்.எம். கேட்டபோதும் வேண்டாம் என்றே சொன்னேன். அங்கே குளிர்காலத்தில் உறைபனி விழும், இந்தப் புல்லுக்கு அது ஆகாது. கிக்குயூ உறைபனியில் பழுத்தாலும் வசந்தத்தில் எழுந்துவிடும். ஆனால் அந்தப் பக்கத்து மண்ணில் நான் புல் வளர்த்ததில்லை, அதனால் இதில் என் பேச்சுக்குக் கொஞ்சம் குறைவாகவே மதிப்புக் கொடுங்கள்.

கோடைக் கடைசியில் வரும் புல் புழு இரண்டிலும் உண்டு. மாலையில் ஈரச் சாக்கு ஒன்றைப் புல்மேல் விரித்து, காலையில் தூக்கிப் பாருங்கள். புழு இருந்தால் அடியில் கூடியிருக்கும்.

எல்.எம். நடுவதாக இருந்தால் செப்டம்பரிலேயே தொடங்குங்கள். 200 நாற்று உள்ள தட்டு ஒன்றை 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஏறக்குறைய நாலரை சதுர மீட்டர் வரும். அதற்கு முன் கிக்குயூவைத் தோண்டி எடுத்து, தண்ணீர் விட்டு மூன்று, நான்கு வாரம் காத்திருந்து, திரும்ப முளைப்பதையும் பிடுங்கிவிடுங்கள். நான் அந்த நான்கு வாரம் காத்திருக்கவில்லை, அதற்காக இன்றும் குனிந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.