குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் கவனத்துக்கு: ‘கைரோபிராக்டிக் முகாம்’ என்றால் முதலில் படிப்பைக் கேளுங்கள்

முதுகெலும்பையும் கழுத்தையும் கையால் அழுத்தி, திருப்பிச் சொடக்கெடுக்கும் ‘கைரோபிராக்டிக்’ வைத்தியத்துக்கு லாட்ஜ் ஹாலில் இரண்டு நாள் முகாம். ஜவ்வு விலகல், கழுத்துத் தேய்மானம் எல்லாம் ஒரே சொடக்கில் சரியாகுமாம். பத்து சிட்டிங்குக்கு முன்பணம் கட்ட வேண்டும். தேயிலை பறிப்பவர்களும் கேரட் மூட்டை தூக்குபவர்களும் நிறைந்த நீலகிரியில் முதுகுவலிக்குப் பஞ்சமில்லை என்று தெரிந்துதான் மலையேறி வருகிறார்கள்.

குன்னூர் பக்கம் இலை பறிக்கும், அறுபது தாண்டிய ஓர் அம்மாவை இப்படி ஒரு முகாமில் குப்புறப் படுக்கவைத்து முதுகில் ஓங்கி அழுத்தியிருக்கிறார்கள். ஆஸ்துமாவுக்காகப் பல வருடமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர். அந்த மாத்திரை எலும்பை மெலியவைக்கும். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. முதுகெலும்பு நொறுங்கியிருப்பது பிறகு எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. முகாம் நடத்தியவரின் போன் இப்போது ஸ்விட்ச் ஆஃப்.

சுவரில் மாட்டியிருந்த சான்றிதழ் இரண்டு நாள் வகுப்புக்கானது. நாளுக்கு 8 மணி நேரம் என்றாலும் மொத்தம் 16 மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் 2005ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கைரோபிராக்டருக்குக் குறைந்தது 4,200 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது. அதில் 1,000 மணி நேரமாவது மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்த பயிற்சி. ஏற்கெனவே மருத்துவத் துறையில் படித்தவர் இதற்கு மாறுவதென்றாலும் 2,200 மணி நேரம். “பிசியோ முடிச்சிட்டு கோர்ஸ் பண்ணியிருக்கார்” என்று சொன்னால், எத்தனை மணி நேர கோர்ஸ் என்று கேளுங்கள்.

அந்த மணி நேரங்கள் சொடக்கு எடுக்கக் கற்பதற்கு மட்டும் அல்ல, யார் மேல் கை வைக்கக் கூடாது என்று கண்டுபிடிக்கக் கற்பதற்கும்தான். முறையாகப் படித்தவர் முதலில் உட்காரவைத்துப் பேசுவார். சமீபத்தில் விழுந்தீர்களா, புற்றுநோய் இருந்ததா, காய்ச்சலோ எடைக்குறைவோ உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்பார். பிறகு முழங்காலிலும் குதிகாலுக்கு மேலும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். மல்லாக்கப் படுக்கவைத்து, காலை மடக்காமல் தூக்கிப் பார்ப்பார். கால் கட்டைவிரலுக்கு வலு இருக்கிறதா, பாதத்தில் தொட்டால் தெரிகிறதா என்று சோதிப்பார். சிறுநீர் அடைப்பு, இரண்டு காலிலும் பலவீனம், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல் என்று சொன்னால் தொடாமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். அது அவசர அறுவை சிகிச்சை தேவைப்படும் நிலை.

மைக் வைத்து ரீல்ஸில் காட்டும் ‘டக்’ சத்தத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக்குமிழின் சத்தம் அது. விலகிய ஜவ்வு உள்ளே போய்விட்டதற்கு அடையாளம் இல்லை.

கழுத்தைத் திடீரென்று திருப்புவதுதான் பெரிய கவலை. மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. அவற்றின் உள்சுவர் கிழிந்தால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய்) உள்ளவர்களுக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளும் தளர்ந்திருக்கலாம் என்பதால் அவர்கள் கழுத்தைக் கொடுக்கவே கூடாது. திருப்பிய பிறகு, சில நாள் கழித்துக்கூட, இரட்டைப் பார்வை, நாக்குக் குழறல், நடையில் தள்ளாட்டம், முகத்தில் ஒரு பக்கம் மரத்துப்போதல், இதுவரை இல்லாத தலைவலி எது வந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். மலைப்பாதையில் இறங்கவே நேரம் போய்விடும்.

இந்தியாவில் கைரோபிராக்டருக்கென்று தனிச் சட்டமோ பதிவு கவுன்சிலோ இல்லை. அதனால் ‘அரசுப் பதிவு பெற்ற கைரோபிராக்டர்’ என்று போர்டு இருந்தாலே சந்தேகப்படுங்கள். ‘டாக்டர்’ என்று போட்டிருந்தால் எந்தக் கவுன்சில், என்ன பதிவு எண் என்று கேட்டு இணையத்தில் தேடுங்கள். வெளிநாட்டில் படித்தேன் என்பவரையும் சரிபார்க்கலாம். பிரிட்டனில் ஜெனரல் கைரோபிராக்டிக் கவுன்சிலின் பதிவேடும், அமெரிக்காவில் அந்தந்த மாநில வாரியத்தின் உரிமப் பட்டியலும் யாரும் பார்க்கும்படி இருக்கின்றன.

பத்து சிட்டிங் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். கட்டி ஏமாந்திருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பில் தரவில்லையா? ஜிபே பதிவு, முகாம் நோட்டீஸ், வாட்ஸ்அப் உரையாடல், முகாமுக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.