எங்களுக்கு எதிராகவும் எழுதிய நிபுணர்: ஒரு கட்டுமானத் தகராறு ஆலோசனைச் சேவை பற்றிய மதிப்பீடு

நான்கு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றைக் கட்டிக்கொடுத்த ஒப்பந்ததாரர்கள் நாங்கள். உரிமையாளர் தரப்புடன் ஏற்பட்ட தகராறு நடுவர் தீர்ப்பாயம் வரை போனது. வேலை தாமதமானதற்கு யார் பொறுப்பு என்பது ஒரு கேள்வி. இரண்டாம் தளத் தூண்கள் சிலவற்றின் கான்கிரீட் வலிமை போதுமானதா என்பது மற்றொன்று. இரண்டுக்குமாகச் சேர்த்து, தகராறு ஆலோசனையும் நிபுணர் சாட்சியமும் தங்களிடமே கிடைக்கும் என்று அறிவித்துக்கொள்ளும் ஒரு நிறுவனத்தை அமர்த்தினோம். ஓராண்டுக்கும் மேல் அவர்களோடு வேலை செய்தபின் நான் வந்தடைந்த முடிவு: அவர்கள் அனுப்பிய நிபுணர்கள் இருவரும் வாங்கிய கட்டணத்துக்குத் தகுதியானவர்கள், ஆலோசனையையும் சாட்சியத்தையும் ஒன்றாகக் கட்டி விற்கும் ஏற்பாடுதான் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது.

ஆலோசகர் நம் ஆள். ஒப்பந்தத்தைப் படித்து, உரிமைகோரலைத் தயாரித்து, நமக்குச் சாதகமானதை முன்னால் வைப்பது அவர் வேலை. நிபுணர் சாட்சி அப்படியல்ல. கட்டணம் நாம் கொடுத்தாலும் அவருடைய கடமை தீர்ப்பாயத்துக்கே. 1993-இல் ‘இகாரியன் ரீஃபர்’ கப்பல் வழக்கில் ஆங்கிலேய நீதிபதி கிரெஸ்வெல் இதைத் தெளிவாக வகுத்துச் சொன்னார்: நிபுணரின் சாட்சியம் வழக்கின் தேவைக்கேற்ப வளையாமல் அவருடைய சொந்தக் கருத்தாக இருக்க வேண்டும், தன் முடிவுக்கு எதிரான உண்மைகளையும் அவர் மறைக்கக் கூடாது. கேட்பதற்கு எளிது. மாதாமாதம் பில் கட்டும் ஒப்பந்ததாரருக்கு இதை ஜீரணிப்பது அவ்வளவு எளிதல்ல என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

தாமதம் குறித்த நிபுணரிடம் நாங்கள் கொடுத்த உரிமைகோரல் 142 நாட்கள் கூடுதல் அவகாசத்துக்கானது. அவர் முதலில் கேட்டது எங்கள் கடிதங்களை அல்ல. சைட் டைரி, கான்கிரீட் லாரிகளின் டெலிவரி சலான்கள், மாதந்தோறும் புதுப்பித்த வேலை அட்டவணையின் கணினிக் கோப்புகள் ஆகியவற்றைத்தான். ஒரு நாள் மேசைமேல் இரண்டு தாள்களை அருகருகே வைத்தார். டைரியில் ‘கனமழை, வேலை இல்லை’ என்று எங்கள் மேற்பார்வையாளர் எழுதியிருந்தார். அதே தேதியிட்ட சலானில், மூன்று லாரி கான்கிரீட்டைப் பெற்றுக்கொண்டதாக அதே மேற்பார்வையாளர் கையெழுத்திட்டிருந்தார். நிபுணர் ஒன்றும் சொல்லவில்லை. தாள்களை எங்கள் பக்கமாகத் திருப்பி மட்டும் வைத்தார்.

தாமதத்தைக் கணக்கிடும் முறையை அவர் தேர்ந்தெடுத்த விதமும் குறிப்பிடத் தக்கது. பிரிட்டனின் கட்டுமானச் சட்டச் சங்கம் வெளியிட்ட தாமத நெறிமுறையின் 2002-ஆம் ஆண்டுப் பதிப்பு ஒரு குறிப்பிட்ட முறைக்கு முன்னுரிமை தந்தது. 2017-இல் வந்த இரண்டாம் பதிப்பு ஆறு முறைகளை விவரித்துவிட்டு, வேலை முடிந்து காலம் கடந்தபின் செய்யும் ஆய்வுக்கு அந்த முன்னுரிமையைக் கைவிட்டது. எங்களிடம் மாதாந்தர அட்டவணைகள் ஒழுங்காக இருந்ததால், திட்டக் காலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் முடிவுத் தேதியை உண்மையில் எந்த வேலை தள்ளியது என்று பார்க்கும் முறையை அவர் எடுத்துக்கொண்டார். உரிமையாளர் தரப்பிலிருந்து வரைபடங்கள் தாமதமாக வந்தது உண்மைதான். ஆனால் அவற்றில் பாதி, அந்தச் சமயத்தில் முடிவுத் தேதியைப் பாதிக்காத உட்பூச்சு வேலைகளுக்கானவை. 142 நாட்கள் 67 ஆகச் சுருங்கின. என் பங்குதாரர் அன்று அவரை மாற்றிவிடலாம் என்றார். மாற்றாமல் இருந்ததுதான் இந்த வழக்கில் நாங்கள் செய்த சரியான காரியம்.

கான்கிரீட் நிபுணரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வார்ப்பின்போது எடுத்த சிலிண்டர் மாதிரிகள் தோற்றிருந்ததால், சந்தேகத்துக்குரிய தூண்களில் கோர், அதாவது துளையிட்டு வெட்டியெடுக்கும் உருளைத் துண்டு, எடுத்துச் சோதிக்கச் சொன்னார். துளையிடுவதற்கு முன் கம்பிகள் எங்கே ஓடுகின்றன என்பதை ஸ்கேன் செய்து சாக்பீஸால் தூணில் கோடு போட்டார். அப்படியும் ஒரு கோரில் கம்பித் துண்டு அகப்பட்டது. அதை ஒதுக்கி வேறொன்று எடுத்ததோடு, ஒதுக்கியதற்கான காரணத்தையும் புகைப்படத்துடன் அறிக்கையில் சேர்த்தார். மூன்று கோர்களின் சராசரி, குறித்த வலிமையில் 85 விழுக்காட்டுக்குக் குறையாமலும், எந்த ஒன்றும் 75 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருந்தால் ஏற்கலாம் என்பது அமெரிக்கக் கான்கிரீட் நிறுவனத்தின் ஏசிஐ 318 விதி. எங்கள் தூண்கள் தேறின. ஒரு தூணின் அடியில் இருந்த தேன்கூடு போன்ற பொத்தல்களுக்கு கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரைச் சரியாகப் பிடிக்காததே காரணம் என்பதையும் அவர் எழுதத் தவறவில்லை.

இனி குறை. தாமத நிபுணரின் அறிக்கை வரைவு வந்தபோது, அதன் நடுவே இரண்டு பத்திகள் எங்கள் உரிமைகோரல் கடிதத்திலிருந்து வார்த்தை மாறாமல் இடம்பெற்றிருந்தன. அந்தக் கடிதத்தை எழுதியவர் அதே நிறுவனத்தின் ஆலோசகர். அவர் தவறாகக் குறித்திருந்த வரைபட எண்கூட அப்படியே வந்திருந்தது. எங்கள் வழக்கறிஞர் கண்ணில் பட்டதால் தப்பித்தோம்; எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கண்ணில் பட்டிருந்தால், குறுக்கு விசாரணையில் “இதை எழுதியது நீங்கள்தானா?” என்ற ஒரே கேள்வியில் அறிக்கை முழுவதும் போயிருக்கும். கேட்டதற்கு, பின்னணித் தகவலுக்காக ஆலோசகர் அனுப்பிய கோப்பு கலந்துவிட்டது என்றார்கள். இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே கோப்புறையில் வேலை செய்தால் கலக்கத்தான் செய்யும்.

இதைவிடச் சங்கடமானது, உரிமையாளரின் வடிவமைப்பாளருக்கு அந்நிறுவனத்தின் வேறொரு கிளை ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தது நான்கு மாதங்களுக்குப் பிறகே எங்களுக்குத் தெரியவந்ததுதான். 2021 ஜனவரியில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் செக்ரெடேரியட் என்ற தகராறு ஆலோசனைக் குழுமத்தின் வழக்கில் இதைப் போன்ற நிலையைத்தான் பரிசீலித்தது: நலமுரண் எதுவும் இல்லை என்று குழுமத்தின் ஒரு நிறுவனம் கொடுத்த உறுதிமொழி, குழுமத்தின் மற்ற நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. எங்கள் நியமனக் கடிதத்தில் அத்தகைய உறுதிமொழி இல்லை. கேட்டு வாங்காதது எங்கள் பிழையும்தான்.

இரு தரப்பு நிபுணர்களும் தனியே கூடி, எதில் உடன்படுகிறார்கள், எதில் இல்லை என்று எழுதும் கூட்டறிக்கையில் எங்கள் நிபுணர் காட்டிய கவனம் மெச்சத் தக்கது. தன் கருத்தைச் சரியாகக் காட்டாத கூட்டறிக்கையில் கவனமின்றிக் கையெழுத்திட்ட நிபுணர்மீது அவரை அமர்த்தியவரே வழக்குத் தொடரலாம் என்று 2011-இல் ஜோன்ஸ் எதிர் கேனி வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பது அவருக்குத் தெரிந்தே இருக்கும். எங்கள் 67 நாட்களில் 58-ஐ எதிர்த்தரப்பு நிபுணரும் ஒப்புக்கொண்டார். ஆனால் தன் சொந்த அறிக்கையில் அவர் உரிமையாளர் தரப்பின் பிழை ஒன்றைக்கூடக் காணவில்லை. விசாரணையில் அந்த முரணைப் பற்றியே அவரிடம் அரை நாள் கேள்வி கேட்டார்கள். தீர்ப்பாயம் எங்களுக்கு 67 நாட்களையும் வழங்கியது.

கட்டணம் மணிக்கணக்கில், அறிக்கைகள் தவணை தவறாமல் வந்தன. ஆலோசகருக்கு மட்டும் வெற்றியின் அடிப்படையில் பங்கு தரலாம் என்ற யோசனையை அவர்களே முன்வைத்தார்கள். நிபுணரின் சக ஊழியருக்கு வழக்கின் முடிவைப் பொறுத்துப் பணம் கிடைப்பது நன்றாக இராது என்று நாங்கள் மறுத்துவிட்டோம். அடுத்த முறை தேவைப்பட்டால் அந்தத் தாமத நிபுணரையே அழைப்பேன். வழக்கறிஞர் மூலமாக, தனி நியமனக் கடிதத்தில். ஆலோசகர் வேறு இடத்திலிருந்து வருவார்.