கொன்றைக் கன்று வாங்குமுன்: மூன்று மஞ்சள் மரங்களும் ஒரு தெரிவும்

யாழ்ப்பாணத்தில் கன்று விற்கும் இடங்களில் கொன்றை என்று கேட்டால், கையில் வருவது மூன்றில் ஒன்றாக இருக்கும். சித்திரையில் சரஞ்சரமாகத் தொங்கும் காசியா பிஸ்துலா, அதாவது சரக்கொன்றை. வீதியோர நிழல்மரமான பெல்டோபோரம், அதாவது பெருங்கொன்றை. விறகுக்கென்று பல நாடுகளில் வளர்க்கப்படும் சென்னா சையாமியா, அதாவது மஞ்சட்கொன்றை. மூன்றும் அவரைக் குடும்பம், மூன்றுக்கும் பூ மஞ்சள். இரண்டு பரப்பு (பரப்பு என்பது யாழ்ப்பாணத்து நில அளவை) வளவில் வீட்டு முகப்புக்கு ஒன்று வைப்பதென்றால் என் தெரிவு சரக்கொன்றைதான். சிவனுக்கு உகந்த பூ என்பது ஒரு காரணம், ஆனால் முதற்காரணம் அதுவல்ல.

பூத்து நிற்கும் மரத்தில் குழப்பத்துக்கு இடமில்லை. பூச்சரம் ஓர் அடி, இரண்டு அடி நீளத்துக்குக் கீழ்நோக்கித் தொங்கினால் சரக்கொன்றை. கிளை நுனியில் நிமிர்ந்து நின்றால் மற்ற இரண்டில் ஒன்று. மொட்டு துருநிறமாகவும் இதழ் கசங்கினாற் போலவும் இருந்தால் பெருங்கொன்றை. காயும் காட்டிக்கொடுக்கும். சரக்கொன்றைக்கு உருண்டு நீண்ட கறுத்த காய், பெருங்கொன்றைக்கு இரண்டு மூன்று அங்குலத்தில் தட்டையான செம்புநிறக் காய், மஞ்சட்கொன்றைக்கு அரை அடிக்கு மேல் நீண்ட தட்டைக் காய்.

ஆனால் பொலித்தீன் பையில் ஓரடி உயரத்தில் நிற்கும் கன்றில் பூவும் இல்லை, காயும் இல்லை. அங்கே இலை ஒன்றுதான் சாட்சி. முதலில் நடுக்காம்பைப் பாருங்கள். அதிலிருந்து பக்கக் காம்புகள் பிரிந்து, அவற்றில் அரை அங்குல அளவில் பொடி இலைகள் நெருக்கமாக அடுக்கியிருந்தால் அது சரக்கொன்றையே அல்ல. பெருங்கொன்றையாகவோ, சிவப்பாகப் பூக்கும் குல்மோகராகவோ இருக்கும். இந்த இரண்டையும் பிரிக்க இலைக்காம்பின் அடியைக் கவனிக்க வேண்டும். குல்மோகர் கன்றில் அங்கே சீப்புப் போன்ற இரண்டு குட்டிச் செதில்கள் நிற்கும். பெருங்கொன்றையில் அவை இல்லை; பதிலுக்கு இளந்தண்டிலும் குருத்திலும் துருநிற மென்மயிர் படிந்திருக்கும். விரலால் தடவினாலே தெரியும்.

நடுக்காம்பிலேயே இலைகள் நேரடியாகச் சோடி சோடியாக இருந்தால் சரக்கொன்றையா மஞ்சட்கொன்றையா என்பதுதான் கேள்வி. ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். சோடிகளை எண்ணுங்கள். சரக்கொன்றையில் மூன்று முதல் எட்டுச் சோடி, மஞ்சட்கொன்றையில் ஆறு முதல் பதினான்கு வரை. ஆறு, ஏழு, எட்டு இரண்டுக்கும் பொது என்பதால் எண்ணிக்கையை மட்டும் நம்பக்கூடாது. சிற்றிலையின் நுனியைப் பாருங்கள்: சரக்கொன்றையில் முட்டை வடிவில் அகன்று கூராக முடியும், மஞ்சட்கொன்றையில் மழுங்கி, சில வேளை சற்றுக் குழிந்து, நடுவில் மயிரளவு முள்நுனி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அளவும் உதவும். வளர்ந்த சரக்கொன்றையின் சிற்றிலை உள்ளங்கை நீளத்துக்கு வரும். மற்றது இரண்டு அங்குலத்தைச் சுற்றியே நிற்கும். ஆனால் முளைத்து ஓரிரு மாதமே ஆன நாற்றில் சரக்கொன்றையின் இலையும் சிறிதுதான். அந்த வயதில் அளவை விட்டுவிட்டு, கடைசியாக விரிந்த இலையின் நுனியை மட்டும் பார்ப்பது பாதுகாப்பு.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் மரத்தின் பருமன். பெருங்கொன்றை ஐம்பது அறுபது அடிக்கு எழுந்து குடைவிரிக்கும் மரம். யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியின் செம்மண் சில இடங்களில் ஓரடி ஆழத்திலேயே சுண்ணக்கல்லில் முட்டுகிறது. வேர் கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் ஓடி மதிலடியைத் தேடும். மேலே கனத்த குடை, கீழே மேலோட்டமான வேர். 2008இல் நிஷா, 2020இல் புரெவி என்று மாரிப் புயல்கள் வந்துபோகும் ஊரில் இது வீட்டோரத்துக்குப் பொருந்தாத சேர்க்கை. சரக்கொன்றையும் புயலுக்கு அசையாத மரமல்ல. ஆனால் இங்கே அது பெரும்பாலும் இருபது முப்பது அடியோடு நின்றுவிடும். முறிந்தாலும் ஓட்டின்மேல் விழுகிற பாரம் குறைவு. மஞ்சட்கொன்றை வேகமாக வளரும், வெட்ட வெட்டத் தழைக்கும். தோட்ட எல்லையில் விறகுக்கும் குழைக்கும் அது நல்லதுதான். பன்றி வளர்ப்பவர்கள் மட்டும் தவிர்க்கட்டும்: இலையும் காயும் பன்றிக்கு நஞ்சு.

நடுவது மாரி தொடக்கத்தில், ஐப்பசியில். இரண்டடிக்கு இரண்டடி குழி. கல் குறுக்கிட்டால் அலவாங்கால் உடைத்து இறக்க வேண்டும். பிறகு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஓரிரு மணிநேரத்தில் வடியாவிட்டால் குழி தொட்டியாகிவிட்டது என்று அர்த்தம், மாரி முடியுமுன் வேர் அழுகும். கல்லில் வெடிப்புக் காணும்வரை உடைக்க வேண்டும், இல்லையேல் இடத்தை மாற்ற வேண்டும். பையின் அடியைத் துளைத்து வேர் வெளியே வந்து சுருண்ட கன்றை வாங்காதீர்கள். ஆணிவேர் சுருண்ட மரம் பிறகு காற்றில் சாயும். முதல் இரண்டு கோடைக்கும் வாரம் இரண்டு தடவை ஒரு வாளி தண்ணீர் போதும்.

சரக்கொன்றைக்கும் குறை உண்டு. மாசி பங்குனியில் இலை கொட்டி மொட்டையாக நிற்கும். அந்த நேரம் பார்த்துக் கவ்வாத்துப் பண்ணினால் அந்த ஆண்டுப் பூ போய்விடும், ஏனென்றால் சரம் வருவது பழைய கிளையில். பூ முடிந்து ஆடியில் வெட்டுவதே முறை. பச்சை வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் புழு தளிரை மொட்டையடிக்கும். மரம் தானாகத் திரும்பத் தளிர்க்கும், வளர்ந்த மரத்துக்கு மருந்து தேவையில்லை. முதலாண்டுக் கன்றில் மட்டும் கையால் பொறுக்கி எடுக்கலாம். காய் மாதக்கணக்கில் தொங்கி, கறுத்து, பிறகுதான் விழும். வாகனம் நிறுத்தும் இடத்துக்கு நேர்மேலே கிளையை விடவேண்டாம். காய்க்குள் இருக்கும் கறுத்த இனிப்புச் சதை பேதிக்கு வாங்கும், குழந்தைகள் உள்ள வீட்டில் பொறுக்கிவிடுவது நல்லது. எத்தனையாம் ஆண்டில் பூக்கும் என்பதற்குக் கண்டிப்பான கணக்கில்லை. ஐந்தாறு ஆண்டு என்று வைத்துக்கொண்டாலும் மண் மெலிந்தால் பிந்தும்.

விதையிலிருந்து எடுப்பவர்கள் துளையில்லாத காயை உடைத்து, சதையைக் கழுவி, விதையின் ஓர் ஓரத்தை நகவெட்டியால் இலேசாகக் கீற வேண்டும். முளை இருக்கும் தழும்புப் பக்கத்தைத் தொடக்கூடாது. ஓர் இரவு ஊறவைத்து, ஊதிய விதையை மட்டும் போடுங்கள். கீறாமல் போட்டால் ஓடு கெட்டியென்பதால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

தீவகத்திலும் கரையோரத்திலும் கிணற்றுத் தண்ணீர் உவரென்றால் என் தெரிவு மாறும். பெருங்கொன்றை இயல்பிலேயே கரையோரக் காடுகளின் மரம், உப்புக்காற்றை அதிகம் தாங்கும். அங்கே அதையே வையுங்கள், ஆனால் சுவரிலிருந்தும் கிணற்றிலிருந்தும் முப்பதடியாவது தள்ளி, மின்கம்பி போகாத பக்கமாக.