புறக்கோட்டையில் விற்கும் கையடக்கக் காற்றுத்தர மானி

பி.எம். 2.5 எனும், காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்களை அளக்க மட்டும் இதை வாங்கலாம். நுளம்புத்திரி கொளுத்தினால் இலக்கம் சட்டென ஏறும், யன்னலைத் திறந்தால் இறங்கும். மழைநாளில் கூட்டிக் காட்டும். ஈரத்தில் துகள்கள் பருத்து மானியின் லேசர் ஒளியை அதிகம் சிதறடிப்பதே காரணம். 24 மணிநேரச் சராசரியைப் பாருங்கள்: உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டி அளவு கனமீற்றருக்கு 15 மைக்ரோகிராம்.

காபனீரொட்சைட்டு இலக்கத்தை நம்பவேண்டாம். மலிவு மாடல்கள் பல அதை அளப்பதே இல்லை, வேறு வாயுக்களை வைத்து ஊகிக்கின்றன. அதை நேரடியாக அளக்கும் என்.டி.ஐ.ஆர். சென்சர் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

கந்தகவீரொட்சைட்டும் இதற்குத் தெரியாது. 1952 டிசம்பரில் லண்டனில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற நிலக்கரிப் புகைமூட்டத்தில் கரித்துகளோடு அந்த வாயுவும் கலந்திருந்தது. துகள் சில நாட்களில் படிந்துவிட்டது. அதே நிலக்கரி கக்கிய காபனீரொட்சைட்டில் ஒரு பங்கு இன்னும் வளிமண்டலத்திலிருந்து பூமியைச் சூடாக்குகிறது.