ஒரே சுரங்கமா, பல சுரங்கமா: அரசு கைவைத்தால் எது தாங்கும்?

சேமிப்பிலிருந்து 15,000 வெள்ளியை (மலேசிய ரிங்கிட்) சுரங்கப் பங்குகளில் போட நினைத்தபோது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஒரே சுரங்கத்தை நம்பியிருக்கும் சிறு நிறுவனம். மற்றது, பல நாடுகளில் சுரங்கம் நடத்தும் பெரிய நிறுவனம். நான் பெரியதையே வாங்கினேன்.

சிறியதில் பணம் பல மடங்காகலாம், பெரியதில் ஈவுத்தொகை வரும். இது தெரிந்த கதைதான். அரசு உரிமையைப் பறித்தால், இழப்பீடு வரும்வரை நிறுவனம் உயிரோடு இருக்குமா? இந்தக் கேள்விதான் என் முடிவைத் தீர்மானித்தது.

கோலாலம்பூர் செந்தூலில் அப்பாவின் வீட்டு நிலத்தை ரயில் பாதைக்கு எடுத்தார்கள். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி, இழப்பீட்டை அறிவிக்கும் ‘எச்’ பாரத்தில் சொன்ன தொகை போதாதென்றால் ஆட்சேபத்தோடு வாங்கிக்கொண்டு, ‘என்’ பாரம் போட்டு உயர் நீதிமன்றம் போகலாம். அப்பாவும் அப்படித்தான் செய்தார். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. ஆனால் வாங்கிய பணத்தில் வேறு வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டோம்.

கனடாவின் கிறிஸ்டலெக்ஸ் நிறுவனத்துக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. வெனிசுவேலாவின் லாஸ் கிறிஸ்தினாஸ் தங்கத் திட்டம்தான் அதன் உயிர். 2011இல் அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அந்த டிசம்பரிலேயே, கடன் கொடுத்தவர்களிடமிருந்து பாதுகாப்பு கேட்டு நிறுவனம் கனடா நீதிமன்றத்துக்குப் போனது. 120 கோடி டாலர் கொடுக்கச் சொல்லி நடுவர் மன்றத் தீர்ப்பு வந்தது 2016இல்! அதை வசூலிக்க, வெனிசுவேலா அரசின் கைவசமிருந்த சிட்கோ எண்ணெய் நிறுவனத்தின் தாய் நிறுவனப் பங்குகளைக் குறிவைத்து அமெரிக்க நீதிமன்றத்தில் மறுபடியும் வழக்காட வேண்டியிருந்தது. அப்படி வரும் பணமும் முதலில் கடன் கொடுத்தவர்களுக்குத்தான். பங்குதாரர் முறை கடைசியில்.

அமெரிக்கச் சுரங்க நிறுவனமான ஃப்ரீபோர்ட்டின் கதை வேறு. 2018இல், இந்தோனேசியாவில் அதன் கிராஸ்பெர்க் செம்பு, தங்கச் சுரங்கத்தை நடத்தும் நிறுவனத்தில் 51.2 விழுக்காடு இந்தோனேசிய அரசு நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆனால் ஃப்ரீபோர்ட்டுக்கு அமெரிக்காவிலும் பெருவிலும் செம்புச் சுரங்கங்கள் இருந்தன. பொறுத்திருந்து பேரம் பேச அவைதான் தெம்பு கொடுத்தன என்பது என் கணிப்பு. கிராஸ்பெர்க்கில் 2041 வரை உரிமமும் கிடைத்தது.

பல சுரங்கம் இருந்தாலே போதும் என்றும் சொல்ல முடியாது. கனடாவின் ஃபர்ஸ்ட் குவாண்டம் நிறுவனத்துக்கு ஸாம்பியாவில் பெரிய சுரங்கங்கள் உண்டு. இருந்தும் 2023 நவம்பரில் பனாமா உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அதன் கோப்ரே பனாமா செம்புச் சுரங்கம் மூடப்பட்டபோது பங்கு விலை பாதிக்கு மேல் சரிந்தது. நிறுவன வருமானத்தில் அந்த ஒரு சுரங்கத்தின் கனம் அப்படி.

அப்புறம், நான் பங்கு வைத்திருப்பது நான்கு ஆண்டுகளாகத்தான், அதுவும் செம்பு, தங்கம் மட்டும். இப்போதைக்கு, ஒரே நாட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வருமானம் வருவதாக ஆண்டறிக்கை காட்டினால் நான் வாங்குவதில்லை.